முதல் வரியில் எந்தக் கல்லூரி

நடந்தவை, வரிசையாக:

1. பி.இ. முடித்த கையோடு, திருவண்ணாமலையில் பொறியியல் சேர்க்கை உதவி மையத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். ஒப்பந்த வேலை.

2. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். சேர்க்கைக் காலத்தில் மையம், மற்ற மாதங்களில் அதே வளாகத்தின் கணினி ஆய்வகம்.

3. ஆரம்பத்தில் பிள்ளைகள் மையத்துக்கு வந்து, எங்கள் கணினியில் உட்கார்ந்து விருப்பப் பட்டியலை நிரப்பினார்கள். பிறகு கைப்பேசியிலேயே நிரப்பத் தொடங்கினார்கள். கூட்டம் குறைந்தது.

4. இந்த ஆண்டு ஒப்பந்தம் முடிந்தது. அவர்களும் புதுப்பிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேலூரில் வேறு வேலை கிடைத்திருந்தது.

5. என் இடத்துக்கு வந்திருக்கும் சரண்யா, "அக்கா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

6. எழுத உட்கார்ந்தேன். பாதியில் தேவிகா என்ற மாணவியின் கதை குறுக்கே வந்துவிட்டது. அதற்குமேல் ஒன்று இரண்டு மூன்று என்று எழுத வரவில்லை.

முப்பது வயதைத் தொடாத ஒருத்தி "என் பணிக்காலத்தில்" என்று ஆரம்பித்தால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனாலும் ஒரு வேலையை முழுதாகச் செய்து முடித்து வெளியே வந்தவள் என்ற அளவில், நான் ஓய்வு பெற்றவள்தான். சரண்யாவுக்காக எழுதியது இது. வேறு யார் படித்தாலும் புரியும்படி எழுதியிருக்கிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பெரிய அரங்கில் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினார்கள். மதிய உணவில் தயிர்சாதம் நன்றாக இருந்தது. எந்தச் சான்றிதழை எங்கே பதிவேற்றுவது, பிழை வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று சொன்னார்கள். அந்த எண்ணில் சேர்க்கைக் காலம் முழுக்க யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதை நாங்களே தெரிந்துகொண்டோம்.

வேலையை உண்மையில் கற்றது ஒருங்கிணைப்பாளர் தனசேகர் சாரின் பக்கத்து மேசையில் இருந்து. அவர் மின்னியல் விரிவுரையாளர். சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. பேச்சு கம்மி. அவர் வாயிலிருந்து "கிடைக்கும்" என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. "கிடைக்காது" என்பதையும்தான். அப்பா அம்மாக்கள் எல்லோரும் அந்த ஒன்றைக் கேட்கத்தான் வருவார்கள். "சார், இந்த மார்க்குக்குக் கிடைக்குமா?" சார் போன வருடத்து விவரத்தைத் திரையில் திறந்து, அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு எந்தத் தரவரிசையோடு நின்றது என்று விரல் வைத்துக் காட்டுவார். "இது போன வருஷம். இந்த வருஷம் எனக்குத் தெரியாது." அவ்வளவுதான். எரிச்சலோடு எழுந்து போனவர்கள் உண்டு. "இதைச் சொல்ல ஒரு ஆபீசரா?" என்று ஒருவர் வாசலில் நின்று கேட்டார். சார் காதில் வாங்காதவர்போல மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

அவருடைய இன்னொரு விதி, மவுஸைப் பற்றியது. மாணவர் பட்டியல் நிரப்பும்போது நாங்கள் பக்கத்தில் உட்காரலாம், விதிமுறையை விளக்கலாம். எந்தக் கல்லூரி நல்லது என்று சொல்லக்கூடாது. மவுஸைத் தொடவே கூடாது. எங்கள் இரண்டு கையும் மடியில் இருக்க வேண்டும். யாருடைய கையாவது மேசைக்கு ஏறினால், அறையின் மறுமுனையிலிருந்து "கை" என்பார். முதல் வாரம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

ஒருநாள் காரணம் கேட்டேன். "நாம நல்லதுன்னு நெனச்சு வரிசையை மாத்திடுவோம். பையன் நாம நெனச்ச ஊருக்குப் போவான், அவன் நெனச்ச ஊருக்குப் போக மாட்டான்" என்றார். அது எனக்கு உடனே புரிந்தது. நானும் என் வீட்டில் முதல் பட்டதாரி. என் பட்டியலை ஒரு பிரவுசிங் சென்டர்காரர்தான் நிரப்பினார். எனக்கு ஒதுக்கீடு வந்த கல்லூரியின் பெயரை நான் முதல்முதலாகப் படித்தது ஒதுக்கீட்டு ஆணையில்.

வெளியாட்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சேர்த்து ஒரு கட்-ஆஃப் வரும். அதை வைத்துத் தரவரிசை. மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். கெடு முடிந்ததும் பட்டியல் பூட்டப்படும். பிறகு கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த "மேலிருந்து கீழே" என்பதில்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தவறுவார்கள். அதுவும் ஒரே மாதிரித் தவறுவார்கள்.

படித்த வீட்டுப் பிள்ளைகள் எட்டாத கல்லூரியை எல்லாம் மேலே போடுவார்கள். வந்தால் வரட்டும் என்ற தெம்பு. முதல் தலைமுறைப் பிள்ளைகள் நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போட்டு, ஆசைப்பட்டதைக் கீழே போடுவார்கள். பெரியதைக் கேட்டால் சிறியதும் போய்விடும் என்ற பயம். மதிப்பெண் இருக்கும், இடமும் இருக்கும். ஆனால் கணினி முதல் வரியைப் படித்ததும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும்.

சிரிக்க வைத்தவர்களும் உண்டு. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டில் வேறு யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. ஒரு அப்பா என் மேசைக்குக் குனிந்து ரகசியமாகக் கேட்டார். "மேடம், நான் பி.ஏ. மூணு வருஷம் போனேன். பாஸாகல. இதனால பையனுக்கு எதனா பிரச்சினை வருமா?" வராது என்றேன். அவர் திரும்பி, பின்னால் நின்ற மனைவியிடம், "பாத்தியா, இத்தினி வருஷமா திட்டுனியே" என்றார்.

இனி தேவிகா.

அது மூன்று ஆண்டுகளுக்கு முன், பட்டியல் நிரப்பக் கடைசி நாள். மாலை பட்டியல் பூட்டப்படும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அம்மா மல்லிகா, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி ஒரு விருந்தினர் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். புடவை முந்தானையை இடுப்பில் செருகியது செருகியபடியே இருந்தது. அப்பா கட்டட வேலைக்கு பெங்களூரு போயிருந்தார். மகள் தேவிகா அரசுப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுத்துப் படித்தவள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவு நல்ல மதிப்பெண்.

முதலில் ஒரு ஏமாற்றம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, கட்டணமும் கிடையாது. தேவிகா ஆறாம் வகுப்பை மட்டும் டவுனில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாள்.

"அதுவும் இலவசந்தானே மேடம். மத்தியானம் சாப்பாடு கூட போட்டாங்க" என்றார் மல்லிகா.

"இலவசம்தான் அக்கா. ஆனா அரசுப் பள்ளிக் கணக்குல வராது."

"ஒரு வருஷந்தான் மேடம்."

"ஒரு வருஷம் கூட இருக்கக் கூடாது அக்கா."

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. சரி, மிச்சம் இருப்பதைப் பார் என்பதுபோல மகளைப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது பொது வரிசையும், முதல் பட்டதாரிச் சலுகையும். தேவிகா தன் பட்டியலை ஏற்கெனவே பள்ளியில் நிரப்பியிருந்தாள். சரிபார்த்துப் பூட்டத்தான் வந்திருந்தாள். முதல் வரியில் ஒரு தனியார் கல்லூரி. அதன் பேருந்து அவர்கள் ஊர் முனை வரை வரும். அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் சில. எல்லாவற்றுக்கும் கீழே கோயம்புத்தூரிலும் சேலத்திலும் இருக்கும் அரசுக் கல்லூரிகள், மின்னணுப் பிரிவு. போன வருட விவரத்தைப் பார்த்தால், அந்த அரசுக் கல்லூரிகள் அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. முதல் வரிக் கல்லூரியோ கடைசிச் சுற்று வரை காலியாகக் கிடந்த இடம்.

"இந்த வரிசை யோசிச்சு வெச்சதா?" என்று கேட்டேன். தேவிகா தலையாட்டினாள். பதில் சொன்னது மல்லிகா.

"நாந்தான் மேடம் சொன்னேன். பௌர்ணமிக்குக் கோயில்ல ஒருவாட்டி தெரியாம டிக்கெட் லைன்ல போய் நின்னுட்டேன். டிக்கெட் இல்லன்னு அனுப்பிட்டாங்க. திரும்ப வந்தா பொது லைன்ல என் இடம் போச்சு. வால்ல போய் நின்னேன். பெரிசு கேட்டுட்டு இல்லன்னுட்டா, சின்னதுக்கு வால்ல நிக்கணும்ல?"

அந்தப் பயத்துக்கு அப்போதுதான் எனக்கு ஓர் உருவம் கிடைத்தது. அவர் சொன்னது அவர் பார்த்த எல்லா வரிசைக்கும் சரி. இந்த வரிசைக்கு மட்டும் சரியில்லை. வாயால் சொன்னேன், ஏறவில்லை. சாரைப் பார்த்தேன். "விதியைத்தானே சொல்றே, சொல்லு" என்றார்.

காத்திருப்பு அறையில் நான்கு நாற்காலிகளைத் தனியாக இழுத்துப் போட்டேன். ஒன்று மின்விசிறிக்கு நேர் கீழே. ஒன்று ஜன்னலோரம். ஒன்று கைப்பேசிக்குச் சார்ஜ் போடும் இடத்தில். ஒன்று கதவருகே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில். அங்கே இருந்தவர்கள் ஓர் ஆட்டோ ஓட்டுநர், பள்ளி ஆசிரியை ஒருவர், மல்லிகா. மூவர் கையிலும் டோக்கன். எந்த நாற்காலி வேண்டும் என்று வரிசைப்படுத்தி என்னிடம் மட்டும் சொல்லச் சொன்னேன்.

ஆட்டோக்காரர் வெளியே நிற்கும் தன் வண்டியைப் பார்க்க ஜன்னலை முதலில் கேட்டார். கிடைத்தது. ஆசிரியை சார்ஜ் போடும் இடத்தைக் கேட்டார். கிடைத்தது. மல்லிகா முதலில் கதவோரம், இரண்டாவதாக மின்விசிறி என்றார். கதவோரத்தில் உட்கார வைத்தேன்.

மின்விசிறி காலி நாற்காலிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, காத்து சும்மா போவுது, நீ ஏன் செருப்பாண்ட உக்காந்துனுகீறே?" என்றார் ஆட்டோக்காரர்.

"நாந்தான் இதைக் கேட்டேன்" என்றார் மல்லிகா. பிறகு என்னிடம், "இப்ப அங்க மாறிக்கலாமா?"

"முடியாது அக்கா. மொதல்ல கேட்டது கிடைச்சிடுச்சு. கீழ என்ன கேட்டீங்கன்னு மெஷின் படிக்கவே படிக்காது."

"ஃபேனை மொதல்ல கேட்டு, அது போயிருந்தா?"

"உடனே கதவோரத்தைப் பார்க்கும்."

"அதுக்குள்ள கதவோரத்தை இன்னொருத்தர் எடுத்துக்குவாங்களே."

"எடுக்க மாட்டாங்க. உங்க டோக்கன் வந்துட்டா, உங்க லிஸ்ட் முழுக்கப் பார்த்து முடிச்ச அப்புறந்தான் அடுத்த டோக்கன். அதுவரைக்கும் நீங்கதான் வரிசையில முன்னால நிக்கறீங்க."

மல்லிகா எழுந்து போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். "ஒருத்தரும் இதைச் சொல்லலையே" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "மாத்துடி" என்றார்.

தேவிகா மாற்றவில்லை. மவுஸின் மேல் கை இருந்தது, அசையவில்லை.

"எனக்குத் தெரியும் அக்கா, மெஷின் எப்படிப் பார்க்கும்னு. ஸ்கூல்ல சொன்னாங்க" என்றாள் என்னிடம். "அரசுக் கல்லூரியில, ஹாஸ்டல் சேத்தாலும் செலவு கம்மின்னும் தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"மேல வெச்சா வந்துடும்ல. வந்துட்டா போவணும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை வந்த எல்லோரும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தவர்கள். கிடைத்துவிடுமோ என்று பயந்து ஒருத்தி பட்டியலைத் தலைகீழாக வைத்திருந்தாள். அவள் பயத்திலும் விஷயம் இருந்தது. மேலே இருப்பது ஒதுக்கீடு ஆகிவிட்டால் கீழே இருப்பதைக் கேட்க முடியாது. போக முடியாத இடத்தை மேலே வைப்பதும் ஆபத்துதான்.

"அம்மா விடியக்காலம் பஸ் ஏறிடும்" என்றாள். "அப்பா வர்றதே மாசத்துக்கு ஒருவாட்டி. நித்யா பத்தாவது. நானும் போய்ட்டா வீட்டுல யாரு?"

நித்யா அவள் தங்கை.

மல்லிகா நாற்காலியை மகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நித்யா பத்தாவது படிக்கிறா. கைக்கொழந்தையா? சோறு வெக்க மாட்டாளா?"

"குழையவிட்டுடுவா."

"கொழஞ்சா கொழஞ்ச சோத்தைத் துண்றோம். அதுக்கா நீ இங்க குந்திக்கினு இருக்கணும்?" குரலைத் தாழ்த்தினார். "நான் ரூம் பெருக்குற எடத்துக்கு எங்கெங்கயிருந்தோ வர்றாங்க. நீ மேப்புல பாத்திருப்பே, நான் பேரு கூடக் கேட்டதில்ல. ஒண்டியா ஒரு பொண்ணு வருது, மூட்டையத் தூக்கினு. ஏம்மா இவ்ளோ தூரம் வந்தேன்னு ஒருத்தரையும் நான் கேட்டதில்ல. உன்னை மட்டும் கேப்பனா?"

தேவிகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா?" என்றாள்.

மல்லிகா கைப்பேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் கலவை இயந்திரத்தின் சத்தம்.

"இன்னா, சீக்கிரம் சொல்லு. மேல நிக்கறேன்."

"பொண்ணுக்குக் கோயம்புத்தூரு, சேலம் போடப் போறோம். காலேஜு."

"பக்கத்துல பஸ் வருதுன்னியே. கோயம்புத்தூரு எவ்ளோ தூரம் தெரியுமா?"

"பெங்களூரு எவ்ளோ தூரம்?"



"ஹாஸ்டல்ல சோறு நல்லா இருக்குமான்னு கேளு" என்றார் அவர்.

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். தேவிகாவும்.

அதன்பின் இணையம் மந்தமானது. கடைசி நாள் மாலையில் எப்போதும் அப்படித்தான். ஒரு வரியை மேலே இழுத்தால், சக்கரம் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே திரும்பியது. தேவிகா கல்லூரி கல்லூரியாக இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குறுக்குவழி தெரியும், நான் செய்தால் நொடியில் முடியும். என் வலது கை மடியிலிருந்து எழுந்தது.

"கை" என்றது பின்னாலிருந்து.

இறக்கிக்கொண்டேன். எந்த எண்ணை எந்தக் கட்டத்தில் தட்டினால் வரி நேராக மேலே ஏறும் என்று வாயால் சொன்னேன். அவள் தட்டினாள். கோயம்புத்தூர் முதல் வரிக்கு வந்தது. சேலம் இரண்டாவது. இன்னும் இரண்டு அரசுக் கல்லூரிகள். பேருந்து வரும் கல்லூரி கடைசி வரிக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "இது வந்தா போவியா?" ஒவ்வொரு முறையும் அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு "போவேன்" என்றாள். மூன்றாவதிலிருந்து அம்மாவைப் பார்க்கவில்லை.

பூட்டியதும் மல்லிகா சாரிடம் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான்.

"சார், கிடைக்குமா?"

சார் திரையைக் கொஞ்சநேரம் பார்த்தார். "கேட்டிருக்கீங்கம்மா" என்றார். "இனிமே அது மெஷினோட வேலை."

ஒதுக்கீடு வந்த அன்று தேவிகாவே அழைத்தாள். சேலம் வந்திருந்தது, மின்னணுப் பிரிவு. ஏற்பதிலும் வகைகள் உண்டு. கிடைத்ததை எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்தலாம். கிடைத்ததை வைத்துக்கொண்டே, மேலே இருப்பதில் இடம் காலியானால் மாறுகிறேன் என்றும் சொல்லலாம். எதை அழுத்துவது என்று கேட்கத்தான் அழைக்கிறாள் என்று நினைத்தேன்.

"மேல மாறுறதையே அழுத்திட்டேன் அக்கா. சும்மா சொல்லலாம்னு போன் பண்ணேன்" என்றாள்.

கோயம்புத்தூரில் இடம் காலியாகவில்லை. சேலம் நிலைத்தது.

சரண்யாவுக்கு நான் கொடுத்துவிட்டு வந்த குறிப்பு கடைசியில் சிறியதாகத்தான் அமைந்தது. கல்லூரியின் பெயரைச் சொல்லாதே. மவுஸைத் தொடாதே. "கிடைக்குமா" என்று கேட்டால் போன வருடத்தைக் காட்டு. அவர்கள் கேட்காவிட்டாலும், "வந்தா போவியா" என்று நீ கேள், அதை, உடன் வந்தவர் காதில் விழும்படிக் கேள். இப்போது பிள்ளைகள் வீட்டிலிருந்தே கைப்பேசியில் நிரப்புகிறார்கள். அங்கே இதைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

என் கடைசி வாரத்தில் மல்லிகா நித்யாவோடு சான்றிதழ் சரிபார்க்க வந்தார். வந்ததும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். கிடைக்குமா என்று கேட்கவில்லை. "எல்லாம் போற எடந்தானான்னு பேசிட்டோம் மேடம்" என்றார். நித்யா, பட்டியல் எழுதி வைத்திருந்த தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

இன்றைய நிலவரம் இது. தேவிகா சேலத்தில் இறுதி ஆண்டு. அக்கா ஏற்கெனவே முதல் பட்டதாரிச் சலுகையில் படிப்பதால் நித்யாவுக்கு அது கிடையாது. ஆனால் அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, எனவே தனி ஒதுக்கீட்டில் வருகிறாள். அவள் பட்டியலில் முதல் வரி சென்னை. அதற்குக் கீழே கோயம்புத்தூர், அதற்கும் கீழே சேலம். ஊர் முனைக்குப் பேருந்து வரும் கல்லூரி பட்டியலிலேயே இல்லை. ஒதுக்கீடு இன்னும் வரவில்லை.